தேசிக்காய் தின்ற பிடி

உங்கள் வீட்டுச் சாமித் தட்டில் இருக்கிற பொருள்களில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது எதனால் செய்யப்பட்டது என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள், இல்லையா? சரி. அந்தப் பதிலை உங்களுக்குச் சொன்னவர், சொல்வதற்கு முன் அந்தப் பொருளை ஒருமுறையாவது உற்றுப் பார்த்தவரா?

தில்லைநாயகி உற்றுப் பார்த்ததில்லை. அவருக்குச் சொன்ன மாமியாரும் பார்த்ததில்லை. அதன் விலையை அவர் ஓர் எல்லை நிலையத்தில் கொடுக்கத் தொடங்கினார்.

2017, விஜயதசமிக்கு மறுநாள். ஜெர்மனியிலிருந்து சுவிஸுக்குள் வரும் வழியில், இரயில் நிலையத்துச் சுங்க மேசைக்கு முன்னால் அவரை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பிரசாதப் பெட்டி, மாற்றுச் சேலை, பழைய பட்டு வேட்டியில் சுற்றிய நீளமான ஒன்று. வேட்டியை விரித்ததும் இன்னும் இரண்டு அதிகாரிகள் மேசைக்கு வந்தார்கள். பாம்பு போல நெளிந்த அலகு. அதில் வாழைச்சாறு இன்னும் பிசுபிசுத்தது. பிடி மஞ்சள் ஏறிய வெள்ளை. குளிர் தாங்காமல் கைகளைக் கட்டிக்கொண்டு குனிந்திருக்கும், பறவை முகம் கொண்ட ஒரு மனிதனின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருந்தது.

கத்தியைப் பற்றி இரண்டொரு கேள்வி கேட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு, சாமிக்கு, மிகப் பழையது என்று அவர் தன்னுடைய ஜெர்மன் மொழியில் விளக்கினார். சடங்குக் கத்தி என்று அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு பிடியின் மேல் விரலை வைத்தார்.

“இது யானைத் தந்தமா?”

“ஆம், தந்தம்தான். கணவரின் குடும்பச் சொத்து” என்றார் தில்லைநாயகி. அதைச் சொன்னபோது தான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லுவார்.

அந்த ஒரு பதில் போதுமாக இருந்தது. அனுமதி இல்லாமல் தந்தத்தை எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம். கத்தியைப் பிடியோடு பறித்து வைத்துக்கொண்டார்கள். அவர் வெறும் பையோடு, தான் வசிக்கும் பக்கத்து நகரமான கூருக்கு இரயில் ஏறினார்.

சில வாரங்களில் தண்டனைக் கட்டளை வீட்டுக்கு வந்தது. தண்டப்பணம் பெரிதல்ல. அவர் பயந்தது பணத்துக்கல்ல, குற்றப் பதிவுக்கு.

தில்லைநாயகி யாழ்ப்பாணத்தில் பிறந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கணவர் மகேஸ்வரனைத் தேடிச் சுவிஸுக்கு வந்தவர். அகதி விண்ணப்பம், தற்காலிக அனுமதி, ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அனுமதி, பிறகு நிரந்தர அனுமதி என்று ஒவ்வொரு படியிலும் பல ஆண்டுகள் நிற்க வைக்கப்பட்டவர். கணவருக்கு உணவகச் சமையலறையில் வேலை. இவருக்கு ஆஸ்பத்திரியில், சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமிநீக்கும் பகுதியில் வேலை. கழுவி வந்த கத்தரிக்கோல்களையும் கவ்விகளையும் விளக்குப் பொருத்திய பெருக்கக் கண்ணாடிக்குக் கீழே திறந்து, மூட்டு மூட்டாகப் பார்த்து, சுத்தம் என்று கண்ட பிறகே கையெழுத்து வைக்க வேண்டும். பார்க்காமல் வைத்த கையெழுத்து ஓர் உயிரைக் கொல்லலாம் என்பதை அந்தப் பகுதிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுப்பார்.

2009இல் வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தபோது, காலை வேலை முடித்து ஜெனீவாவுக்கு இரயில் ஏறி, ஐக்கிய நாடுகள் சபைக் கட்டடத்தின் முன்னால் நின்றார். உள்ளே இருந்தவர்கள் எவரும் வெளியே வந்து பேசவில்லை. திரும்பி வரும்போது அவருக்கு ஒன்று உறைத்தது. இந்த நாட்டில் இத்தனை காலம் வரி கட்டியும், எந்த ஒரு முடிவுக்கும் கை உயர்த்த அவருக்கு உரிமை இல்லை. குடியுரிமை கேட்பது என்று அன்று தீர்மானித்தார்.

கூருக்கு அருகே அவர்கள் குடியிருந்த கிராமத்தில் முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. ஊரோடு ஒட்டவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஊரில் யாரோடு கோப்பி குடிக்கிறீர்கள் என்று நேர்முகத்தில் ஒருவர் கேட்டிருந்தார். விடியற்காலையில் வேலைக்குப் போய், மாலையில் இன்னோர் இடத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண் யாரோடு கோப்பி குடிப்பாள்? அந்தக் கேள்வியைக் கேட்டவரின் கோப்பிக் கோப்பைகளையும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரிதானே கழுவியிருப்பாள்? தில்லைநாயகி வாக்குவாதம் செய்யவில்லை. மாலை வேலையை விட்டார். ஊர்ப் பெண்கள் உடற்பயிற்சிச் சங்கத்தில் சேர்ந்தார். வாராவாரம் விளையாட்டு மண்டபத்தில், தன்னைவிட ஒரு முழம் உயரமான பெண்களோடு பந்தெறிந்தார். பிறகு மறுபடி விண்ணப்பித்தார். இரண்டாவது நேர்முகம் நன்றாக நடந்தது. இனிக் கடைசிப் பொலிஸ் பதிவுச் சோதனை ஒன்றுதான் பாக்கி என்ற நிலையில் அவர் அந்தப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லை கடந்தார்.

அந்தக் கத்தி மகேஸ்வரனின் அப்பப்பா மலாயாவிலிருந்து கொண்டுவந்தது. அவர் அங்கே இரயில்வேயில் எழுத்தர். பென்சனோடு யாழ்ப்பாணம் திரும்பியபோது ஒரு மலாய்க்கார நண்பர் கொடுத்தாராம். மலாய்க்காரர் அதைக் கிரீஸ் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் அது வாள் ஆயிற்று. கைகட்டிய மனிதனின் பறவை முகம் முருகனுடைய சேவல் ஆயிற்று. வெள்ளைப் பிடி யானைத் தந்தம் ஆயிற்று. விஜயதசமிக்குக் கோயிலில், அசுரனாக நட்ட வாழைமரத்தை வெட்டும் வாழைவெட்டு என்றால் அந்த வீட்டு வாளால்தான் வெட்டுவார்கள். போர்க்காலத்தில் மண்ணுக்குள் கிடந்த அதை 2010இல் ஊருக்குப் போன தில்லைநாயகிதான் எடுத்து வந்தார். மகேஸ்வரனின் அண்ணர் பாலேந்திரன் தென் ஜெர்மனியில், ஒரு பழைய கம்பளக் கிடங்கில் நடக்கும் சிறிய கோயிலின் தர்மகர்த்தா. ஆண்டுதோறும் தம்பி அதைக் காரில் கொண்டுபோவார். அந்த ஆண்டு மகேஸ்வரனுக்கு முழங்கால் ஒப்பரேசன். அதனால் தில்லைநாயகி போனார்.

கட்டளை வந்த அன்று அவர் பாலேந்திரனுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, உந்தத் தண்டத்தைக் கட்டிப்போட்டு அலுவலைப் பார். காரிலை வேகமாப் போனால் கட்டுறேல்லையோ?”

“வேகமாப் போனதுக்குக் கட்டினால் பாஸ்போட்டை மறிக்க மாட்டாங்கள் அண்ணை. இது யானையைக் கொண்ட கணக்கிலை போகும்.”

“ஆர் யானையைக் கொண்டது? அது செத்து நூறு வருசம்.”

“அதைத்தான் நானும் கேக்கிறன். யானை எண்டு ஆர் கண்டது?”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? தந்தப் பிடி வாள் எண்டு ஊரே சொல்லும்.”

“சொன்ன ஆக்களிலை ஒருத்தர் எண்டாலும் கிட்ட நிண்டு பாத்தவையோ?”

“நீ ஆஸ்பத்திரியிலை கத்தரிக்கோல் கழுவிக் கழுவி எல்லாத்திலையும் ஊத்தை தேடுறாய்.”

“ஓம். அதுக்குத்தான் சம்பளம் தாறாங்கள்.”

பாலேந்திரனின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய கோயிலுக்கு வரும் சனம், பக்கத்து ஊரில் கோபுரத்தோடு கூடிய பெரிய கோயிலை விட்டு இங்கே வருவது இந்த வாளுக்காக என்று அவர் நம்பினார். ஒலிவாங்கியில் ஆண்டுதோறும் ‘தந்தப் பிடி கொண்ட தொன்மை வாள்’ என்று சொல்லுவார். தந்தம் இல்லை என்று வந்தால் அவர் எப்படி முகம் காட்டுவது?

தந்தம்தானா என்ற சந்தேகத்தை முதலில் கிளப்பியவர் மகள் ஜெனனி. சூரிச்சில் மருந்தாளர், இருபத்தேழு வயது. வாளின் பழைய படங்களைக் கைத்தொலைபேசியில் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “அம்மா, தந்தம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?”

“உன்ரை அப்பாச்சி.”

“அவவுக்கு?”

“அவவின்ரை மாமி.”

“மலாய்க்காரர் பிடிக்கு மரம் போட்டிருக்கினம், தந்தம் போட்டிருக்கினம், சங்கும் போட்டிருக்கினம். இராட்சதச் சிப்பி எண்டு ஒண்டு இருக்கு, ஆள் நீளத்துக்கு வளரும், அதை வெட்டியும் செதுக்கியிருக்கினம். மினுக்கி மஞ்சள் பிடிச்சால் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்குமாம். படத்தை வைச்சுச் சொல்ல ஏலாது.”

“அப்ப சிப்பி எண்டால் தப்பினனோ?”

“சங்கு எண்டால் தப்பினீங்கள். இராட்சதச் சிப்பிக்கும் காவல் சட்டம் இருக்கு. ஆனால் சொந்தச் சாமானா ஒண்டிரண்டு கொண்டு வந்தால் விடுறவையாம். யானை எண்டால் விடமாட்டினம்.”

நாற்காலியில் காலை நீட்டி இருந்த மகேஸ்வரன் மெல்லச் சொன்னார்: “பேசாமல் கட்டுவம் தில்லை. மறுத்துப் போட்டுத் தோத்தால், செலவும் எங்கடை தலையிலை, பொய்க்காரர் எண்ட பேரும் எங்கடை தலையிலை.”

“கட்டினால் மட்டும் என்ன பேர் வரும்?”

மகேஸ்வரன் கட்டளையை அவர் பக்கம் தள்ளினார்.

தில்லைநாயகி கட்டளையை எதிர்த்தார். பிடியைப் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டார். விசாரித்த அலுவலரின் முதல் பதில், “தந்தம் என்று நீங்களே சொன்னீர்களே” என்பதுதான். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். தந்தம் என்று அவர் சொன்னபோது, அவர் என்ன நிபுணரா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரியாது என்று சொன்னபோது மட்டும் ஆதாரம் வேண்டும் என்றார்கள். வந்தேறியின் வாய்ச்சொல் அவரைக் குற்றவாளியாக்கும்போது மட்டும் பொன்னாகிவிடுகிறது.

கடைசியில் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். பொருள் குடும்பத்தில் மூத்தவருக்கு உரியது என்று தில்லைநாயகி முதல் வாக்குமூலத்தில் சொல்லியிருந்ததால் பாலேந்திரனையும் அழைத்தார்கள். இதற்கிடையில் கிராமத்துக் குடியுரிமைக் குழு தகவல் அனுப்பியது. வழக்கு முடியும்வரை விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

2018 மாசி மாதம். சூரிச்சில் ஓர் அருங்காட்சியகத்தின் பின்பக்கப் பணியறை. நீண்ட வெள்ளை மேசை. அலுவலர் ஓர் ஓரத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். பாலேந்திரன் கோட்டணிந்து, நெற்றியில் திருநீறும் மடியில் கம்பளித் தொப்பியுமாக இருந்தார். தில்லைநாயகி வேலைக்குப் போகும் சப்பாத்தோடு வந்திருந்தார். பரிசோதித்தவர் கடுஃப், அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் நிபுணர். தலை நரைத்த, குறைவாகப் பேசும் பெண். அவர் முதலில் ஒன்று சொன்னார்: “நான் யாருடைய பக்கமும் இல்லை. எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்றுதான் எழுதுவேன்.” அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று என்று தில்லைநாயகி சொல்லுவார்.

கடுஃப் பிடியைக் கையில் வைத்துப் பாரம் பார்த்தார். கன்னத்தில் தொட்டுக் குளிர் பார்த்தார். விளக்கை இழுத்துப் பெருக்கக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, பறவைத் தலையின் பின்பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தில்லைநாயகிக்கு அந்த நேரம் பழக்கமான நேரம். கருவியில் ஏதாவது ஒட்டியிருந்தால்தான் கண் அப்படி ஓரிடத்தில் நிற்கும்.

“இங்கே ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் இருக்கின்றன” என்றார் கடுஃப்.

அலுவலர் நிமிர்ந்தார். “தந்தத்தில் அப்படித்தானே இருக்கும்?”

“தந்தத்தில் அப்படி இருக்கும்.”

பாலேந்திரன் தில்லைநாயகியின் பக்கம் சாய்ந்தார். “நான் சொன்னனான்தானே” என்றார் தமிழில். அவர் குரலில் வெற்றி இருந்தது. அந்த வெற்றியில் தம்பி மனைவியின் ஒன்பது வருடக் காத்திருப்பு கரைகிறது என்பது அவருக்கு எட்டவில்லை.

தில்லைநாயகி எழுந்து மேசைக்கு அருகே போனார். கேட்டார்: “நானும் பார்க்கலாமா?”

கடுஃப் கண்ணாடியை நீட்டினார். தில்லைநாயகி குனிந்தார். பழுப்புக் கோடுகள், குறுக்கும் நெடுக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு பக்கம் ஆழம், மறுபக்கம் மெலிவு. அவருக்கு மாமியாரின் கிணற்றடி ஞாபகம் வந்தது. சரஸ்வதி பூசைக்கு முதல் நாள், தேங்காய்த் தும்பில் சாம்பல் தொட்டுக் குத்துவிளக்கையும் இந்தப் பிடியையும் ஒன்றாகப் போட்டுத் தேய்ப்பது.

“இது கீறல்” என்றார். “நாங்கள் தேய்த்த கீறல். வாழைமரம் வெட்டும்போது தெறிக்கிற சாற்றின் கயர் இறங்கினால் இப்படிப் பழுப்பாகும். உடுப்பில் பட்டால் இன்றைக்கும் போகாது.”

“இருக்கலாம்” என்றார் கடுஃப். “இல்லாமலும் இருக்கலாம். தந்தத்தின் கோடுகள் குறுக்கே வெட்டிய முகத்தில்தான் தெளிவாகத் தெரியும். பிடியின் அடியைப் பார்க்க வேண்டும்.”

சொல்லிக்கொண்டே அவர் ஒரு கையால் அலகையும் மறு கையால் பிடியையும் பற்றி மெதுவாகத் திருகினார். கிறீச்சென்று ஒரு சத்தம். பிடி தனியாகக் கையோடு வந்தது.

பாலேந்திரன் எழுந்துவிட்டார். “உடைச்சுப் போட்டா!”

“உடையேல்லை அண்ணை. கழண்டது. இருங்கோ.”

மலாய்க் கத்திகளில் பிடியைத் துணி சுற்றித்தான் இறுக்குவார்கள், திருகினால் கழன்றுவிடும் என்று கடுஃப் விளக்கினார். நூறு ஆண்டாக வழிபட்ட குடும்பத்தில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. பிடியின் அடி முகம் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் பிசின் கறுப்பாகப் படிந்திருந்தது. பிசின் விலகிய ஓரத்தில், வெட்டும் கோடுகளைக் கடுஃப் தேடினார். “காணவில்லை. ஆனால் முகம் முழுவதும் தெரியவில்லை. இதைக் கொண்டு மட்டும் எழுத மாட்டேன்.”

பிறகு பிடியைப் பக்கவாட்டில் திருப்பினார். கைகட்டிய மனிதனின் தோளுக்குக் கீழே, ஒரு பக்கத்தில் மட்டும், காசளவு வட்டத்தில் நிறையக் குழிகள்.

“இது என்ன? புழு அரித்ததா? வேறெங்கும் இல்லையே.”

தில்லைநாயகிக்கு அந்த இடம் தெரியும். கண்ணை மூடினாலும் தெரியும். “தேசிக்காய்” என்றார். பிறகு ஜெர்மனில் எலுமிச்சை என்றார். “பூசைக்கு ஒரு தேசிக்காயைப் பாதியாக வெட்டி, குங்குமம் தடவி, பிடியின் மேல் கவிழ்த்து வைப்போம். அடுத்த நாள் வாழைவெட்டு முடியும்வரை அது அங்கேயே இருக்கும்.”

“ஒவ்வோர் ஆண்டுமா?”

“ஒவ்வோர் ஆண்டும். ஒரே இடத்தில்.”

கடுஃப் முதன்முறையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “தந்தமும் புளிப்பில் கெடும். ஆனால் மங்கும், மென்மையாகும். இங்கே சுவர் படிபடியாக நிற்கிறது. ஓர் அடுக்கு கரைந்திருக்கிறது, அடுத்த அடுக்கு நிற்கிறது. எனக்கு இது ஓடு போலத் தெரிகிறது. உறுதி செய்ய ஒரு துளி அமிலம் வேண்டும். உட்பக்கத் துளைக்குள், வெளியே தெரியாத இடத்தில் விடுவேன். உரிமையாளர் சம்மதிக்க வேண்டும்.”

எல்லோரும் பாலேந்திரனைப் பார்த்தார்கள்.

“ஏலாது” என்றார் அவர் தமிழில். “சாமிப் பொருளிலை அசிட் விட நான் சம்மதிக்க மாட்டன் எண்டு சொல்லு.”

“இவ்வளவு காலமும் நாங்கள் விட்டதும் அசிட்தான் அண்ணை. குங்குமம் பூசி விட்டனாங்கள், அவ்வளவுதான்.”

“பகிடி விடாதை. கோயில் விசயம்.”

“சரி. அப்ப ஒண்டு செய்யுங்கோ. இது தந்தம்தான், என்ரை சாமான்தான், வருசா வருசம் நான்தான் எல்லை தாண்டிக் கொண்டுவரப் பண்ணினனான் எண்டு அவருக்கு இப்பவே சொல்லுங்கோ. நான் எழும்பிப் போறன்.”

அலுவலருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் விசைப்பலகையில் அவர் விரல்கள் நின்றிருந்தன. பாலேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். அவர் ஜெர்மன் குடிமகன். பதிவு செய்த கோயிலின் பொறுப்பாளர். தந்தம் என்ற நம்பிக்கை அவருக்கு உயிர்தான். தன் பெயரில் வழக்கு வரும் என்றால் அந்த உயிரையும் விடலாம் போலிருந்தது.

“விடச் சொல்லு” என்றார்.

கடுஃப் துளைக்குள் ஒரு துளி விட்டார். பெருக்கக் கண்ணாடியைப் பிடித்தார். தில்லைநாயகி அவர் முகத்தைப் பார்த்தார். அதில் எதுவும் மாறவில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

“பாத்தியோ” என்று பாலேந்திரன் தொடங்கினார்.

“பிசின் மேல் விழுந்துவிட்டது” என்றார் கடுஃப். பஞ்சுக் குச்சியால் துடைத்தார். சிறு கருவியால் பிசினைச் சுரண்டினார். வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. இன்னொரு துளி.

நுரை. உப்புத் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவது போல மெல்லிய சத்தம்கூடக் கேட்டது.

“தந்தத்தில் இப்படிப் பொங்காது. இது ஓடு” என்றார் கடுஃப்.

“என்ன ஓடு?” என்று அலுவலர் கேட்டார்.

சங்கு என்று சொல்லிவிடு, சங்கு என்று சொல்லிவிடு. தில்லைநாயகியின் மனம் மன்றாடியது. கடுஃப் பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சங்கு என்றால் சுவர் மெல்லியது, உள்ளே குடைவு இருக்கும், சுருள் தெரியும். இது இந்தத் தடிப்புக்கு ஒரே கட்டி. அடுக்குகள் அலை அலையாக ஓடுகின்றன. இராட்சதச் சிப்பியின் தடித்த மூட்டுப் பகுதி என்பது என் கருத்து.”

அலுவலர் தட்டச்சு செய்தார். தேடினார். வாசித்தார். பிறகு அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “பாதுகாக்கப்பட்ட இனம். ஆனால் தனிப்பட்ட பொருள், ஒன்றே ஒன்று, பழையது. இதற்கு விதி வேறு. தந்தம் என்று எழுதியது நிற்காது.” கணினியை மூடும்போது கேட்டார்: “ஏன் தந்தம் என்று சொன்னீர்கள்?”

“எனக்குச் சொன்னார்கள்.”

“யார்?”

தில்லைநாயகி பாலேந்திரனைப் பார்த்தார். பாலேந்திரன் தொப்பியைப் பார்த்தார்.

இளவேனிலில் தண்டனைக் கட்டளையைத் திரும்பப் பெற்றார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் இந்த நாட்டு அலுவலகங்களை அறியாதவர். கிராமத்துக் குழு அவரை இன்னொரு நேர்முகத்துக்கு அழைத்தது. தந்தம் இல்லை என்றால், சுங்க அதிகாரியிடம் உண்மையல்லாததைச் சொன்னீர்களா என்று ஒருவர் கேட்டார். கோப்பிக் கேள்வி கேட்ட அதே ஆள். தந்தம் என்றால் கடத்தல்காரி, தந்தம் இல்லை என்றால் பொய்க்காரி. எந்தக் கதவைத் திறந்தாலும் அவர் குற்றவாளியாக நிற்க வேண்டும்.

“பொய் சொல்லவில்லை. பார்க்காமல் சொன்னேன்” என்றார் தில்லைநாயகி. “அதற்கு வெட்கப்படுகிறேன். உங்கள் கேள்வி இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்களா? பரிசோதனை அறிக்கை உங்கள் மேசையில் இருக்கிறது. உறை இன்னும் பிரிக்கப்படவில்லை.”

குழுவில் இருந்த, உடற்பயிற்சிச் சங்கத்துப் பெண் ஒருவர் உறையை எடுத்துப் பிரித்து உரக்க வாசித்தார்.

2019இல் குடியுரிமை கிடைத்தது. தில்லைநாயகி முதல் ஊர்க் கூட்டத்துக்குப் போனார். வீதி விளக்கு மாற்றும் திட்டத்துக்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். அவர் எழுந்து, திட்ட வரைபடத்தைத் திரையில் பெரிதாகக் காட்டச் சொன்னார். பார்த்தார். பிறகுதான் கையை உயர்த்தினார்.

கத்தி என்ன ஆயிற்று? அது மீண்டும் கைக்கு வந்தபோது தில்லைநாயகி அதைத் தன் வீட்டில் வைத்திருக்க விரும்பவில்லை. உரியவரிடமே இருக்கட்டும் என்று, பரிசோதனை அறிக்கையின் பிரதியோடு, சுங்கத்தில் அறிவிக்க வேண்டியதை அறிவித்துப் பாலேந்திரனிடம் சேர்த்தார். அந்த ஆண்டு விஜயதசமிக்குக் கிடங்குக் கோயிலுக்கும் போனார். கூட்டம் வழக்கத்தை விட அதிகம். வாளைத் தட்டில் வைத்திருந்தார்கள். பிடியின் மேல், அதே இடத்தில், அரைத் தேசிக்காய் கவிழ்ந்திருந்தது. பாலேந்திரன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“புனிதச் சங்கினால் கடைந்தெடுத்த பிடி கொண்ட தொன்மை வாள்...”

பூசை முடிந்ததும் தில்லைநாயகி அவரிடம் போனார். “அண்ணை, சங்கில்லை எண்டுதானே அவ சொன்னவ? நீங்களும் இருந்து கேட்டனீங்கள்.”

“சிப்பி எண்டு சொன்னால் சனம் என்ன நினைக்கும், பிள்ளை? சங்கும் கடலிலைதான், சிப்பியும் கடலிலைதான்.”

“நாளைக்கு ஆரும் இதைக் கொண்டு எல்லை தாண்டினால்? சங்கு எண்டு சொல்லுவினம். திரும்பவும் பொய்யாப் போகும். திரும்பவும் ஆராவது ஒருத்தி மேசைக்கு முன்னாலை நிப்பாள்.”

“நீ எப்பவும் எல்லையிலைதான் நிக்கிறாய்” என்று சிரித்துக்கொண்டே அவர் பிரசாதம் கொடுக்கப் போனார். பக்கத்தில் நின்ற ஒரு தாய் தன் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்: “வடிவாப் பார், அதுதான் சங்குப் பிடி.” அந்தப் பிள்ளை தலையாட்டியது. அது நின்ற இடத்திலிருந்து பிடி தெரிந்திருக்காது, முன்னால் அத்தனை முதுகுகள்.

தில்லைநாயகி தட்டுக்குப் போய்த் தேசிக்காயை எடுத்துக் கீழே வைத்தார். ஐயர் முறைத்தார். தில்லைநாயகி அதைக் கண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து ஒரு சிறிய பெருக்கக் கண்ணாடியை எடுத்து அந்தப் பிள்ளையைக் கிட்டே கூப்பிட்டார்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த பூசைக்கு முன் உங்கள் வீட்டுத் தட்டில் இருப்பதைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, நீங்களே பாருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தத் தேசிக்காயையும் தள்ளி வையுங்கள்.